முன்னெழுத்து இல்லாத இரண்டு புட்டிகள்

என்னிடம் ஒரு நோட்டுத் தாள் இருக்கிறது. மேல் ஓரத்தில் ஆண்டு 2603, மாதம் 11 என்று பத்து வயதுப் பெண்ணின் கையெழுத்தில் எழுதியிருக்கிறது. அந்தப் பெண் நான்தான். நாளைக் குறித்த இடத்தில் மரவள்ளிக் கூழ் விழுந்து காய்ந்து எண்ணை மறைத்துவிட்டது. 2603 என்பது ஜப்பானியர் கணக்கு. 660-ஐக் கழித்தால் 1943 வரும். எதை எழுதினாலும் தேதி போட்டு எழுதுவது என் பழக்கம். இந்த நிகழ்ச்சிக்கு மாதத்துக்கு மேல் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. அன்றைய அதிர்ச்சி மட்டும் தேதி கேட்காமல் இன்னும் உடம்பில் இருக்கிறது. வெள்ளைப் பொடி எதைக் கண்டாலும், கோதுமை மாவாகவே இருந்தாலும், என் கை ஒரு கணம் பின்னுக்கு வருகிறது.

அப்பா டிரெஸர். டாக்டருக்கு ஒரு படி கீழே, மருந்து கலப்பவருக்கு ஒரு படி மேலே என்று வைத்துக்கொள்ளலாம். மலாக்கா நகரத்தில் காஜா பெராங் சாலையோரக் கடைவீடு ஒன்றின் முன்பகுதியில் கிளினிக், பின்பகுதியில் நாங்கள். டாக்டர் 1942 ஜனவரியில், ஜப்பானியர் ஊருக்குள் வருவதற்குச் சில நாள் முன்பு, சாவியை அப்பாவிடம் கொடுத்து இரண்டு வாரத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுச் சிங்கப்பூருக்குக் கார் ஏறினார். அந்த இரண்டு வாரம் முடியவே இல்லை. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலையை இழந்த என் மாமா, அம்மாவின் தம்பி, அப்பாவுக்கு உதவியாக வந்து சேர்ந்தார். அவருக்கு மருந்து தெரியாது. ஆனால் எதையும் வரிசையாக அடுக்கத் தெரியும். அந்த அடுக்கும் குணமும் இந்தக் கதைக்குள் வருகிறது.

கடிகாரங்கள் டோக்கியோ நேரத்துக்கு ஒத்துவர ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கப்பட்டிருந்த காலம். சூரியன் உச்சிக்கு வரும்போது எங்கள் சுவர்க்கடிகாரம் ஒன்றரையைத் தாண்டியிருக்கும். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் போய் ஜப்பான் மொழி வந்தது. அதன் எழுத்துகளில் எளிதான வகையை மட்டும் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு எழுத்துக்கு ஒரு ஒலி. மூன்று மாதத்தில் நான் வகுப்பில் முதலாவதாக வந்தேன். அப்பாவும் பழகிப் பார்த்தார். அவர் எழுதியதைப் பார்த்து அம்மா, "எழுத்தா இது, கோழி கிளறுன மாதிரியில்ல இருக்கு" என்றார். அதோடு அப்பா பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

அப்புறம்தான் அந்த உத்தரவு வந்தது. கிளினிக்கில் ஆங்கில எழுத்து ஒன்றுகூட இருக்கக் கூடாது. மருந்துப் புட்டிகளில் ஜப்பானிய எழுத்துதான் இருக்க வேண்டும். விஷ மருந்துகளுக்கென்று இருந்த வரி போட்ட நீலக் கண்ணாடிப் புட்டிகளை ராணுவம் முன்பே கொண்டுபோயிருந்தது. எல்லா மருந்தும் ஒரே மாதிரி வெள்ளைப் புட்டிக்கு மாறியிருந்தது. இப்போது பழைய சீட்டுகளையும் வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டி எடுத்தோம். எந்தப் புட்டியில் எது என்பது அதன் பிறகு அப்பாவின் தலைக்குள்ளும், அலமாரியில் அது நிற்கும் இடத்திலும் மட்டுமே இருந்தது. அந்தத் தலைக்குள் இருந்ததை எழுத்தில் இறக்கிவைக்க வேண்டியவள் நான். என் பெருமைக்கு அளவே இல்லை.

அப்பா பெயரைச் சொல்வார். நான் விரலில் எண்ணி எழுதுவேன்.

"டெட்ரகுளோரோஎதிலீன்" என்றார் ஒருநாள். தோட்டத்து ஆட்களுக்குக் கொக்கிப்புழுவுக்காகக் கொடுப்பது.

"உடைச்சு சொல்லுங்கப்பா."

"டெட். ர. குளோர். ஓ. எத். இல். ஈன். ஏழு."

நான் அதை மனதுக்குள் மறுபடி உடைத்தேன். "தே. தோ. ரா. கு. ரோ. ரோ. எ. சி. ரே. ன். பத்து."

"ஏழு எப்படிம்மா பத்தாச்சு?"

"அவங்களுக்கு 'ட்' தனியா நிக்காதுப்பா. 'தோ'ன்னு கால் முளைச்சுடும். 'ல'வும் கிடையாது."

அலமாரி துடைத்துக்கொண்டிருந்த மாமா திரும்பினார். "'ல' இல்லாம மலாக்காவ எப்படிக் கூப்பிடுவான்?"

"மராக்கா."

"அதான் வந்த அன்னிக்கே பேர மாத்திட்டானா" என்றார் மாமா.

ஆங்கில உச்சரிப்பில் அப்பாவுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. எவ்வளவு நீளப் பெயரையும் அதற்குரிய இடத்தில்தான் வெட்ட வேண்டும். அசிட்டைல்சாலிசிலிக் என்பதைத் தப்பான இடத்தில் வெட்டினால் டாக்டர் முன்னொரு காலத்தில் மேசையைத் தட்டி மறுபடி சொல்லவைப்பாராம். நான் அந்த வெட்டுகளை எல்லாம் கலைத்து என் கணக்கில் வெட்டினேன். அப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

முதல் முறை சோதனைக்கு வந்த ஜப்பானியர் ராணுவத்தின் மருந்துப் பிரிவைச் சேர்ந்தவர். கண்ணாடி போட்டவர், மெலிந்தவர். புட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி உரக்கப் படித்தார். 'போ-தா-ஷி-உ-மு' என்று நான் எழுதியதைப் படித்தவருக்கு எதுவும் விளங்கவில்லை. மூடியைத் திறந்து ஊதா நிறப் படிகத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். பொட்டாசியத்தை அவர்கள் 'காரியுமு' என்பார்களாம். தானே ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பை எனக்குக் கிடைத்த பரிசாக நான் எடுத்துக்கொண்டேன்.

காகிதம் கிடைக்காத காலம். பழைய தோட்டக் கணக்குப் படிவங்களின் வெற்றுப் பின்பக்கத்தைச் சீட்டுகளாக வெட்டினேன். மரவள்ளி மாவைக் காய்ச்சிக் கூழ். புட்டி சிறியதாக இருந்தால் ஒரு சீட்டில் ஒன்பது எழுத்துக்குமேல் அடங்காது. சின்னப் புட்டிகளில் இரண்டு அடுத்தடுத்து வந்தன.

"மெர்க்குரி சப்குளோரைடு" என்றார் அப்பா. "மெர். கு. ரி. சப். குளோர். ஐட்."

என் கணக்கில் பதினொன்று. மெ-ரு-கு-ரி, சா-பு, கு-ரோ-ரா-இ-தோ.

அடுத்தது மெர்க்குரி பெர்குளோரைடு. அதுவும் பதினொன்று. 'சா-பு' இருந்த இடத்தில் 'பே-ரு'.

சீட்டிலோ ஒன்பதுக்குத்தான் இடம். நான் யோசித்தேன். எங்கள் பள்ளிப் பதிவேட்டில் எல்லோர் பெயரோடும் அப்பாவின் முன்னெழுத்து ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அதை விட்டுவிட்டால் ஆள் மாறிவிடுவதுமில்லை. சப், பெர் என்று ஒட்டிக்கொண்டிருந்த இந்தத் துண்டுகளும் எனக்கு அப்படித்தான் பட்டன. இரண்டையும் வெட்டிவிட்டேன். இரண்டு சீட்டிலும் சரியாக ஒன்பது எழுத்து, ஓரம் பிசகாமல் உட்கார்ந்தது. "அழகா இருக்கும்மா" என்றார் அப்பா. அவருக்கு அது படமாகத்தான் தெரிந்தது. மேல் தட்டில் இடது ஓரம் ஒன்றையும் வலது ஓரம் மற்றொன்றையும் அவர் கையாலேயே வைத்தார். அவருக்கு அந்த இடம் போதும்.

அடுத்த சோதனைக்கு நாள் நெருங்கியபோது மாமா அலமாரியை உயர வரிசைப்படி அடுக்கினார். இடமும் வலமும் நின்ற இரண்டு சின்னப் புட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன.

மறுநாள் காலை அப்பா, கால் வெட்டுப்பட்ட ஒருவருக்குக் கட்டு மாற்ற புக்கிட் பாருவுக்குப் போயிருந்தார். பள்ளி இல்லாத நாள். என் வகுப்புத் தோழியின் அம்மா மருந்து வாங்க வந்தார். அவர்கள் செட்டி கம்பம் என்னும் குடியிருப்பில் இருந்த மலாக்கா செட்டிகள். எங்கள் சாமிகள்தான் அவர்களுக்கும், பேச்சு மட்டும் மலாய். அவருடைய கடைசிப் பையனுக்கு நான்கு வயது. வயிறு உப்பி, மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை. அப்பா முந்தின நாளே பையனைப் பார்த்துவிட்டு, கொடுக்க வேண்டியதை மாமாவிடம் சொல்லியிருந்தார்: மெர்க்குரி சப்குளோரைடு, சர்க்கரையோடு, மூன்று பொட்டலம்.

"மெர்க்குரி எதும்மா?" என்றார் மாமா.

நான் முக்காலியில் ஏறிச் சீட்டைப் படித்து, கைக்குக் கிட்டே இருந்த புட்டியை எடுத்துக் கொடுத்தேன். அவர் நிறுத்துக் கட்டினார். நானே திருப்பி வைத்தேன்.

அப்பா வந்தபோது கடிகாரம் இரண்டைத் தொட்டிருந்தது. கை கழுவிக்கொண்டே, "செட்டி கம்பத்துப் பொட்டலம் போயிருச்சா?" என்று கேட்டார்.

"காலையிலேயே போயிருச்சு மச்சான்."

துண்டை எடுக்கத் திரும்பிய அப்பா அலமாரியைப் பார்த்து நின்றுவிட்டார். ஈரக் கையோடு மேல் தட்டிலிருந்து இரண்டு புட்டிகளையும் இறக்கி மேசையில் வைத்தார்.

"இதப் படி."

"மெ-ரு-கு-ரி கு-ரோ-ரா-இ-தோ."

"இது?"

"மெ-ரு-கு-ரி கு-ரோ-ரா-இ-தோ." இரண்டாவது முறை சொல்லும்போதே என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"சப் எங்கே? பெர் எங்கே?"

"இடம் பத்தலப்பா. இனிஷியல்தானேன்னு விட்டுட்டேன்."

அவர் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். குனிந்து என் முகத்தை, முன்பின் தெரியாத ஒரு பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு மாமா பக்கம் திரும்பினார். "சப் வயித்தக் கழுவும். பெர் ஆளையே கொல்லும். ஒரு வாளித் தண்ணியில துளி போட்டுக் கத்தி கழுவுறது அது. எதுல எடுத்த?"

மாமா என்னைப் பார்த்தார். எந்தப் புட்டி என்று எனக்கும் தெரியாது. மாமா அப்படியே நோயாளிகளின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அப்பா பின்பக்கம் போனார். அம்மாவின் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து சுண்ணாம்பு டப்பியை எடுத்தார்.

"வெத்தலைக்கே வழியக் காணோம், சுண்ணாம்பு எதுக்குங்க?" என்றார் அம்மா. அப்பா ஒரு கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் ஊற்றி, சுண்ணாம்பைக் கரைத்து மூடி, சட்டைக்குள் போட்டுக்கொண்டார். தோழியின் வீடு தெரிந்தவள் நான் என்பதால் என்னைத் தூக்கி சைக்கிளின் பின்னால் உட்காரவைத்தார். டயர் கிடைக்காமல் தண்ணீர்க் குழாயை வளைத்து மாட்டிய சைக்கிள். ஒவ்வொரு கல்லும் பல்லில் இடித்தது. வழி நெடுக அப்பாவின் முதுகு என் முகத்துக்கு முன்னால் ஏறி ஏறி இறங்கியது.

பையன் கூடத்தில் பாயில் படுத்திருந்தான். கண் மூடியிருந்தது.

"சுடா மாகான், சாத்து" என்றார் அவன் அம்மா. சாப்பிட்டுவிட்டான், ஒன்று. கொஞ்ச நேரத்தில் வாந்தியும் எடுத்தானாம். மிச்சம் இரண்டு பொட்டலத்தைக் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அப்பா பையனின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தார். கன்னத்தின் உட்பக்கத்தைப் பார்த்தார். ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு கேட்டு, பொட்டலத்தைப் பிரித்துப் பொடியைக் கொட்டினார். சுண்ணாம்புத் தண்ணீரைத் தரையில் வைத்தார். அது தெளிய வேண்டும். நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து ஒரு புட்டியில் சுண்ணாம்பு அடியில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எத்தனை நிமிடம் என்று எனக்குத் தெரியாது. என் வாழ்க்கையில் நான் மணி பார்க்காத நேரம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அப்பா மேலே நின்ற தெளிந்த நீரை மெதுவாகச் சாய்த்தார். வெள்ளைப் பொடி மேல் அது பட்ட இடம் கறுத்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழுவதும் அடுப்புக்கரி நிறத்துக்குப் போய்விட்டது.

நான் வீறிட்டேன். இவ்வளவு கறுப்பாக ஒன்று அந்தப் பையனின் வயிற்றுக்குள் இருக்கிறது, அதை எடுத்துக் கொடுத்தது நான். வேறு எதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

அப்பா தரையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அப்பா அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டு அழுபவரை அதற்குப் பிறகும் பார்த்ததில்லை.

"ஆப்பா பாசால்?" என்று பையனின் அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன விஷயம் என்று அர்த்தம். அப்பா மலாயில் ஒன்றுமில்லை என்றார். பையன் சத்தத்தில் விழித்து, கொல்லைக்குப் போக வேண்டும் என்று சிணுங்கினான்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் திரும்பி வந்தோம். பாதி வழியில் சொன்னார்: "கறுத்தா சப். மஞ்சளா ஆனா பெர்." கொஞ்ச தூரம் போனபின், "உன் வகுப்புல ரெண்டு சரஸ்வதின்னு சொன்னியே. டீச்சர் எத வச்சும்மா கூப்பிடுறாங்க?" என்றார்.

முன்னெழுத்தை வைத்துத்தான். நான் சைக்கிளின் பின்பக்கத்தைப் பிடித்துத் தள்ளினேன்.

அன்றே இரண்டு புட்டியையும் சுண்ணாம்புத் தண்ணீரால் சோதித்து, மஞ்சள் காட்டியதன் மேல் தமிழில் 'விஷம்' என்று ஒரு துண்டை ஒட்டினார். மறுநாள் விடிந்ததும் நான் கூழ் காய்ச்சி, பெரிய சீட்டு வெட்டி, பதினோரு எழுத்தும் வர எழுதினேன். இரண்டு சீட்டும் மேசைமேல் மை காய்ந்துகொண்டிருந்தபோது வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. அம்மா சட்டென்று இரண்டையும் எடுத்து மடியில் மறைத்துக்கொண்டார். அம்மா ஏன் அப்படிச் செய்தார் என்று அம்மாவுக்கே தெரிந்திருக்காது. அந்தக் காலத்தில் பூட்ஸ் சத்தம் கேட்டால் கையில் இருப்பதை மறைப்போம்.

கண்ணாடி போட்ட அதே ஆள். நேரே சின்னப் புட்டிகளிடம் போனார். ஒன்றைப் படித்தார். மற்றொன்றைப் படித்தார். தமிழ்த் துண்டின் மேல் விரலை வைத்து என்ன என்று கேட்டார். மாமா ஆங்கிலத்தில் பாய்சன் என்றார்.

அந்த மெலிந்த முகம் வெளுத்தது. அவருக்கு மருந்து தெரியும். ஒரே பெயரில் இரண்டு புட்டி என்றால் என்ன என்பது எங்கள் யாரையும்விட அவருக்குத்தான் சீக்கிரம் விளங்கியிருக்க வேண்டும்.

"தாரே?" என்று கத்தினார்.

அந்த வீட்டில் அந்தச் சொல் புரிந்தது எனக்கு மட்டும். யார் என்று கேட்கிறார். பதிலும் எனக்குத் தெரியும்: வாதாஷி. நான்தான். வகுப்பில் எழுந்து நிற்பதுபோல நிமிர்ந்து, மை பட்ட விரல்களை முன்னால் நீட்டி வாயைத் திறந்தேன்.

"வா..."

அம்மாவின் உள்ளங்கை என் வாய்மேல் விழுந்தது. "வா, வா, உள்ள வா, அங்க என்னா வேடிக்கை" என்று சொல்லிக்கொண்டே என்னைப் பின்னால் இழுத்தார். நான் சொன்ன ஒரே அசையைப் பிடுங்கித் தமிழாக்கிவிட்டார்.

"ஹூ ரைட்டோ?" என்று அந்த ஆள், எங்களுக்குத் தடை செய்த மொழியிலேயே, கேட்டார்.

"நான் எழுதினேன், சார்" என்று ஆங்கிலத்தில் சொன்னார் அப்பா. எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றார்.

அறை விழுந்தது. பிறகு பென்சிலும் காகிதமும் அப்பாவின் கையில் திணிக்கப்பட்டன. எழுது. அப்பா பென்சிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். முன்பு பழகிப் பார்த்ததில் ஒரு எழுத்தும் அவர் மனதில் நிற்கவில்லை. இரண்டாவது அறையில் அப்பாவின் மூக்குக் கண்ணாடி மருந்து மேசைக்கு அடியில் போய் விழுந்தது. ஒரு வாரத்தில் திரும்ப வருவேன், என் கண்முன்னால் இரண்டு பெயரையும் நீ எழுத வேண்டும் என்று அந்த ஆள் ஜப்பானிய மொழியிலும் உடைந்த ஆங்கிலத்திலும் சொன்னார். போகும்போது அப்பாவின் தோளுக்கு மேலாக என் விரல்களைப் பார்த்தார். பார்த்தார் என்பது இப்போது எனக்கு உறுதி. ஒன்றும் சொல்லாமல் வெளியேறினார்.

அடி விழுந்ததைவிட எனக்குப் பெரிய அதிர்ச்சி வேறு. அப்பா என் எழுத்தைத் தன்னுடையது என்று சொல்லிவிட்டார். வகுப்பில் முதலாவதாக வந்த கையெழுத்து. பொய் சொன்னால் கண் அவியும் என்று எனக்குச் சொன்னவர் அவர். அன்று மத்தியானம் என் நோட்டில் தேதி போட்டு ஜப்பானிய எழுத்தில் இரண்டு வாக்கியம் எழுதினேன். அதன் பிறகு அப்பாவோடு பேசவில்லை. ஒரு வாரம் கழியக் காத்திருந்தேன். அந்த ஆள் வந்து எழுதச் சொல்லும்போது யார் கை யாருடையது என்று ஊருக்கே தெரிந்துவிடும் என்பது என் நம்பிக்கை. அவர் வந்த நாளில் நான் பள்ளியில் இருந்தேன். திரும்பி வந்து மாமாவிடம் கேட்டதற்கு, "வந்தான், பார்த்தான், போயிட்டான்" என்றார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அவர் கேட்க மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நோட்டில் அந்தப் பக்கம் கிழிந்திருந்ததையும் அப்போதுதான் கண்டேன். மாமா சுருட்டு சுற்றக் கிழித்திருப்பார் என்று அவர்மேல் ஒரு சண்டை போட்டேன்.

அப்பா காலமான பிறகு அவருடைய ஆங்கில மருந்துப் புத்தகத்தைத் திறந்தேன். ஜப்பானியர் காலம் முழுவதும் அரிசிப் பானைக்கு அடியில் கிடந்த புத்தகம். மெர்க்குரி வரும் பக்கத்தில் அந்தத் தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

பின்பக்கம் முழுக்கப் பென்சில். என் கை அல்ல. அம்மா மடியில் மறைத்த என் சீட்டுகளைப் பார்த்து அப்பா எழுதியிருக்க வேண்டும். மெ-ரு-கு-ரி, சா-பு, கு-ரோ-ரா-இ-தோ. மெ-ரு-கு-ரி, பே-ரு, கு-ரோ-ரா-இ-தோ. முதல் வரிகளில் எழுத்துகள் கோழி கிளறியதுபோலக் கால் பரப்பிக் கிடக்கின்றன. எண்ணினேன், நாற்பத்திரண்டு வரி. கடைசி நான்கு வரிகளில் ஓரளவு நிமிர்ந்து நிற்கின்றன. 'சா-பு'வுக்கும் 'பே-ரு'வுக்கும் அடியில் மட்டும் ஒவ்வொரு வரியிலும் அழுத்திக் கோடு.

முன்பக்கத்தில் என் இரண்டு வாக்கியங்கள்: "அப்பா பொய் சொன்னார். எழுதியது நான்."

வெற்றுப் பக்கம் தேடி எடுத்த தாளா, அல்லது முன்பக்கத்தை யாரிடமாவது காட்டி அர்த்தம் கேட்டாரா என்பதை எந்தத் தேதியை வைத்தும் என்னால் நிறுவ முடியவில்லை. இரண்டு மருந்துப் பெயர்களுக்குமாக அப்பா கற்றுக்கொண்ட எழுத்துகள் பதினொன்று. அவற்றில் என் வாக்கியங்களுக்குள் இருப்பவை, அவர் தானாகவே படித்திருக்கக் கூடியவை, எத்தனை என்று ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். இரண்டு, தாராளமாக எண்ணினால் மூன்று.